தப்பான காலில் கட்டிய நூல்

தேவா நகரம்,
ஏப்ரல், வியாழக்கிழமை

அன்புள்ள என்று எழுதப் பேனா வரவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன். ருக்ஸாந்த்ராவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை இலிங்காவும் இருக்கிறோம். நீயும் அங்கே ஸ்பெயினில் நன்றாகத்தான் இருப்பாய், உனக்கென்ன, நன்றாக இருப்பதற்குத்தானே போனாய். போனில் பேசலாம்தான், ஆனால் நான் வாயைத் திறந்ததும் உனக்குச் சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் கிழிப்பதற்கு முன் படித்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா.

சனிக்கிழமை இலிங்காவுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் முதல் நிலைத் தேர்வு நடந்தது. பீம் கட்டையிலிருந்து விழுந்துவிட்டாள். போன் செய்து எப்படிப் போச்சு என்று கேட்டாயே, அவள் நல்லாப் போச்சு என்றாளே, அது பொய். உள்ளங்கையில் வெள்ளைப் பொடி பூசிக்கொண்டு, நடுவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தி, கட்டையில் இரண்டு கையையும் ஊன்றி அழகாகத்தான் எம்பினாள். அடுத்து வலது காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட வேண்டும். இவள் இடது காலைப் போட்டாள். எல்லாப் பிள்ளைகளும் ஒரு பக்கம் பார்த்து உட்கார்ந்தால் இவள் மட்டும் எதிர்ப்பக்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். வரிசையில் நின்ற பிள்ளைகள் களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அதோடு அவளுக்கு எல்லாம் குழம்பிப் போனது. எழுந்து நுனிக்காலில் நடந்தாள், ஒற்றைக் காலில் நின்றாள், திரும்புகிற இடம் வந்ததும் எந்தக் காலில் திரும்புவது என்று நின்று யோசித்தாள். அந்தக் கட்டை மேல் நின்று யோசித்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். முகவாய் அடிபட விழுந்தாள். மறுபடி ஏறினாள், மறுபடி அதே இடத்தில் விழுந்தாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பெற்றோர் பெஞ்சில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தச் செருப்புக்கு வேலை வந்திருக்கும்.

முடிந்ததும் ஸம்ஃபிரா டீச்சர் என்னைக் கூப்பிட்டார், உனக்குச் சொல்லிக்கொடுத்த அதே ஸம்ஃபிராதான், இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. "ஸ்தெலுத்சா, எந்தக் கால்ல செஞ்சாலும் எனக்கு ஒண்ணுதான், ஆனா ஒரே கால்ல செய்யணும். இங்க நான் வலதுங்கறேன், வீட்டுல யாரோ இடதுங்கறாங்க. பாவம், அது என்னதான் செய்யும்? யாரு அந்த மகராசி?" என்று கேட்டார். என் மூத்த மகள்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு கூசியது.

மார்ச் முதல் தேதிக்கு நீ உறையில் வைத்து மர்த்சிஷோர் அனுப்பினாயே, அந்தச் சிவப்பு வெள்ளை நூல், அங்கிருந்துதான் வினை. ஊர் உலகமெல்லாம் அதை மணிக்கட்டில் கட்டும், மரம் பூத்ததும் அவிழ்த்துக் கிளையில் கட்டும். உனக்கு மட்டும் புது யோசனை, முதலில் தூக்கும் கால் மறக்காமல் இருக்கக் கணுக்காலில் கட்டச் சொன்னாய். போன் திரையில் அவளுக்கு நேர் எதிரே நின்று உன் வலது காலைத் தட்டிக் காட்டி, "இதோ இந்தக் கால், என்னைப் பாத்துக் கட்டு" என்றாய். அவள் பார்த்துக் கட்டினாள். எதிரே நிற்கிறவளைப் பார்த்துக் கட்டினால் எந்தக் காலுக்குப் போகும்? நான் அடுப்படியில் நின்றுகொண்டு, ருக்ஸா, அவள் இடது காலில் அல்லவா கட்டியிருக்கிறாள் என்று அன்றைக்கே சொன்னேன். அதற்கு நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, நீ போய் உன் ரொட்டியப் பாரு, பீமப் பத்தி எனக்குத் தெரியும்" என்றாய். ஆமாம், ரொட்டிக்கடையில் வேலை செய்கிறவளுக்கு என்ன தெரியும், இரண்டு கால் இருப்பதுகூடத் தெரியாது பார். அப்புறம் மாதம் முழுக்க, சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, நூல் கட்டுன கால் முதல்ல, நூல் கட்டுன கால் முதல்ல என்று ஒரே கத்தல். இவள் நடைவழிக் கம்பளத்தில் நான் ஒட்டிக்கொடுத்த கோட்டின் மேல் தப்பான காலில் குதி குதியென்று குதித்தாள். கீழ்வீட்டு ஒனோரியு என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, "ஏம்மா, மேல குதிரை ஏதும் வளக்குறியா?" என்று கேட்டுவிட்டார். ஸம்ஃபிரா டீச்சர் பிள்ளைகளுக்கு முன்னால் எப்போதும் முதுகைக் காட்டி நின்றுதான் செய்து காட்டுவார், இடது வலது மாறக் கூடாதென்று. உனக்கும் அப்படித்தானே கற்றுக்கொடுத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டுவது உனக்கு ஒன்றும் புதிது இல்லையே, அந்த ஒரு மாதமும் அதைச் செய்திருக்கலாம்.

ஈஸ்டர் முடிந்ததும் இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். அதிலும் விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக் குழுவுக்குத் தள்ளிவிடுவார்கள், அங்கே போன பிள்ளைகள் யாரும் திரும்பி வந்ததில்லை. நூலை அவிழ்த்தால் போதும், டீச்சர் சொல்லும் காலே தன்னால் வந்துவிடும். கத்தரிக்கோலோடு போனேன். என் கையைக் கடித்துவிட்டாள், பல் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது. "அவுக்கக் கூடாது, செர்ரி மரம் பூத்ததும் கிளையில கட்டணும், அன்னிக்கு வந்துருவேன்னு அக்கா சொல்லியிருக்கா, முன்னாடியே அவுத்தா வரமாட்டா" என்று ஒரே அழுகை. இதை நீ எப்போது சொன்னாய்? நான் கடைக்குப் போன நேரமாகப் பார்த்துச் சொன்னாயா? தேர்வில் காலில் நூல் கூடாது என்றதும் அங்கேயும் அழுது, கடைசியில் டீச்சர் அதன் மேல் வெள்ளை பிளாஸ்திரி சுற்றி மறைத்து அனுப்பினார்.

நோன்புக் காலத்தில் கோபப்படக் கூடாது என்று பாதிரியார் சொல்கிறார். அவருக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள், அவர் சொல்லலாம். இங்கே வெயில் வந்துவிட்டது, குளிர் உடைகளைத் துவைத்து மேலே போட்டாயிற்று. உன்னுடைய பழைய நீலக் கோட்டை இலிங்காவுக்காகச் சின்னதாக வெட்டித் தைத்துவிட்டேன், இனி நீ வந்து கேட்டாலும் கிடையாது. அங்கே ஹோட்டல் வேலையில் நாள் முழுக்க நிற்கிறாய், அந்தப் பழைய கணுக்கால் அடிக்கு ராத்திரி வெந்நீர் ஒத்தடம் கொடு. கோபமாக இருக்கிறேன் என்பதற்காகச் சொல்லாமல் விட முடியாது.

இன்னும் ஒன்று. நம் கட்டடத்துக்குப் பின்னால் நிற்கும் செர்ரி நேற்று முழுக்கப் பூத்துவிட்டது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் நூலைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள், கிளையெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாக ஆடுகிறது. இவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மரத்தடியில் நின்று மேலே பார்த்தாள். "இது இன்னும் பூக்கலம்மா, மொட்டுதான்" என்றாள். அவள் தலைமுடி முழுக்க இதழ் உதிர்ந்து கிடந்தது. இதழ்களைத் தட்டிவிட்டுக் கூட்டி வந்தேன்.

நாளைக்கும் மொட்டுதான் என்பாள், காய் காய்த்த பிறகும் சொல்வாள். நீ வருகிறாய் என்றால் வா. வரவில்லை என்றால் அதை உன் வாயால் அவளிடம் சொல், உனக்காக நான் பொய் சொல்ல மாட்டேன்.

உன்னை வாழ்த்த இன்றைக்கு மனம் வரவில்லை, நான் வாழ்த்தாவிட்டாலும் ஆண்டவர் உன்னைக் காப்பாற்றட்டும். மறக்காதே, அடுத்த தடவை போனில் வந்தால் காலைக் காட்டாதே, தேதியைச் சொல்.

பெற்ற பாவத்துக்கு,
உன் அம்மா ஸ்தெலுத்சா