தங்கூசிக்கு அசையாத பல்

ஊர்காவற்றுறை,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்புள்ள அன்ரனிட்டா அக்காவுக்கு,

மாதாவின் துணையால் இங்கே அப்பா, அம்மா, நான், சின்னவள் நிலக்சனா எல்லாரும் சுகமாக இருக்கிறோம், அந்தச் சுகத்தில் ஒரு பங்கு பெங்களூர் மடத்தில் உங்களுக்கும் கிடைக்கட்டும். இது அம்மாவின் கடிதம், கை மட்டும் என்னுடையது. அம்மா குசினி வாசலில் இருந்து நண்டு உடைக்கிறார். "நீதானே எல்லாத்தையும் பாத்தனீ, நீயே எழுது, ஆனா நான் சொல்லுறதை விட்டிடாதை" என்று கட்டளை. நவசந்நியாச வருடம் முடியும்வரை உங்களுக்குத் தொலைபேசி இல்லை, அதனால் எல்லாவற்றையும் தாளில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. போன கடிதத்தின் கடைசியில் இடப்பக்கக் கடைவாய்ப்பல் வலிக்கிறது, அந்தப் பக்கத்தால் சப்ப ஏலாது, அதைத் தபசுகால ஒறுத்தலாக ஒப்புக்கொடுத்தேன் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அம்மா அந்த வரியைத் திரும்பவும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அந்த வரிக்குப் பதிலாகத்தான் நிலக்சனாவின் பல்லைப்பற்றி எழுதுகிறேன்.

எங்கள் எல்லாருடைய பாற்பற்களையும் அப்பா தங்கூசியால் எடுத்தது உங்களுக்கு மறந்திருக்காது. வலைக்கு வாங்கி மிஞ்சிய அந்த நைலோன் நூலில் சுருக்குப் போட்டு, ஒரு பகிடி சொல்லி, நாங்கள் சிரிக்கிற நேரம் வெடுக்கென்று இழுப்பார். இப்போதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆடும் பல்லோடு வாயைத் திறந்தபடி எங்கள் படலைக்கு வருகிறார்கள். உயிர்த்த ஞாயிறு கழிந்த கிழமை நிலக்சனா பின்பல் வலிக்கிறதென்று அழத் தொடங்கினாள், பார்த்தால் நடுவில் கறுப்பாகச் சூத்தை. அம்மா கராம்பு வைத்தார், கொஞ்சம் அடங்கித் திரும்பவும் வந்தது. கோவிலில் முதல்நன்மை எடுத்து நற்கருணை வாங்க இருக்கிற பிள்ளை முகம் வீங்கி நிற்கக்கூடாதென்று அப்பா தங்கூசியை எடுத்தார். சுருக்கு வழுக்கிக்கொண்டே போனது, பல் அசையவே இல்லை. "பாற்பல்லுக்கு இவ்வளவு நெஞ்சழுத்தமோ" என்று சொல்லிக்கொண்டு வள்ளத்து இயந்திரத்துக்குப் பாவிக்கிற குறட்டைத் தேடிப்போனார். நான் டோர்ச் அடித்து அவள் வாய்க்குள் பார்த்தேன். அந்த இடத்தில் முந்தி ஒரு பல் இருந்து விழுந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை, கடைவாய்ப் பாற்பற்களெல்லாம் அவையவை இருந்த இடத்திலேயே இருக்க, இது அவற்றுக்குப் பின்னால் தனியாக நின்றது. அவர் குறட்டோடு வந்ததும், அப்பா, இது விழுந்து முளைக்கிற பல்லாகத் தெரியவில்லை என்றேன். "உங்கள் எல்லாற்றை பல்லையும் நான்தான் புடுங்கினனான், எது திரும்பி முளைக்கேல்லை? நீ எத்தினை பல்லுப் புடுங்கினனீ, டொக்டர் அம்மா?" என்று கேட்டார். நிலக்சனாகூட அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அம்மாதான் குறட்டை வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்தார். "அவள் சொல்லுறது பிழையெண்டால் நாளைக்குப் புடுங்கலாம். சரியெண்டால் புடுங்கினதை எங்கை கொண்டுபோய் நடுறது?" என்றார்.

காலையில் இங்கத்தைய ஆஸ்பத்திரியில் காட்டினோம். பல் வைத்தியர் சுலோஜனா முழுத் தாடையும் விழுகிற படம் ஒன்று எடுத்து வரச்சொல்லி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார். வேலணை தாண்டிப் பண்ணைப் பாலத்தால் பஸ் போகும்போது நிலக்சனா அப்பாவின் தோளில் நித்திரை. படத்தோடு திரும்பி வந்ததும் டொக்டர் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அக்கா, நான் பார்த்ததை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. ஒவ்வொரு பாற்பல்லின் வேருக்குக் கீழும் இன்னொரு பல், வேர் இன்னும் முழுக்க வளராமல், மொட்டுப் போல எலும்புக்குள் படுத்திருந்தது. மேல் வேட்டைப்பற்கள், அந்தக் கூர்ப்பற்கள் இரண்டும், மூக்குக்குப் பக்கத்தில், ஏறக்குறைய கண்ணடியில் இருந்தன. நாங்கள் தினமும் கொஞ்சுகிற கன்னத்துக்குள், அவள் பெரியபிள்ளையாகிச் சிரிக்கப்போகிற சிரிப்பு இப்போதே முழுதாக இருக்கிறது, ஒருவருக்கும் தெரியாமல். உயிர்த்த ஞாயிறு இரவுப் பூசையில் திரை விலகும்போது வருகிற மாதிரி எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டுக் கிட்டப் போனார். "என்ரை ஆண்டவரே, அடியிலை இன்னொரு கூட்டம் நிக்குது" என்றார், மீனைக் கண்ட குரலில். பிறகு டொக்டர் அந்த வலிக்கிற பல்லில் விரலை வைத்தார். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. வெறும் எலும்பு. "ஐயா, இது ஆறு வயசிலை பாற்பல்லுகளுக்குப் பின்னாலை சத்தமில்லாமல் முளைக்கிற பல்லு. ஒண்டும் விழாமல் முளைக்கிறதாலை கனபேர் பாற்பல்லெண்டு விட்டிடுவினம். இது போனால் போனதுதான்" என்றார். அப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பல் பிழைத்துவிட்டது அக்கா. சூத்தை நரம்பைத் தொடவில்லை, துப்புரவாக்கி அடைத்துவிட்டார்கள், முதல்நன்மைக்கு அவள் இரண்டு பக்கத்தாலும் சப்பிச் சாப்பிடுவாள். இப்போது படுக்கப்போக முன்னம் அப்பாதான் அவளுக்குப் பல் துலக்கிவிடுகிறார், எட்டு வயதுப் பிள்ளையின் கைக்குப் பின்பல் எட்டாதென்று டொக்டர் சொன்னார். வலை இழுக்கிற அந்தக் கை பிரஷை எவ்வளவு மெதுவாகப் பிடிக்கிறதென்று நீங்கள் பார்க்க வேண்டும். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீரால் கொப்பளித்தால் பற்பசையின் சத்துக் கழுவுப்பட்டுப் போகுமாம். அதன்பிறகு பிஸ்கட்டும் இல்லை, சீனி போட்ட பாலும் இல்லை, அதற்கு நிலக்சனா அப்பாவோடு கோபம். படத்தை யன்னல் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறோம். அவள் அதன் முன்னால் நின்று நாக்கால் தன் பற்களைத் தடவிப் பார்க்கிறாள்.

நேற்று அப்பாவும் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றவர், திடீரென்று திரும்பி "கொக்காவுக்கு எந்தப் பல்லு நோகுது?" என்று உங்களைப்பற்றிக் கேட்டார். இடப்பக்கக் கடைவாய் என்றேன். படத்தில் விரலால் அந்த இடத்தைத் தேடிப்பிடித்தார். உங்களுக்குள் இனிக் காத்திருக்கிறது ஒன்றும் இல்லை அக்கா, ஞானப்பல்லைத் தவிர எல்லாம் வந்து முடிந்துவிட்டது. "எழுது" என்றார் அப்பா. "ஒறுக்கிறதெண்டால் தேத்தண்ணிக்குச் சீனியை ஒறுக்கச் சொல்லு. பல்லை ஆண்டவர் கேக்கேல்லை. மதர் அம்மாட்டைச் சொல்லிக் காட்டச் சொல்லு."

அம்மா கை கழுவிக்கொண்டு வந்துவிட்டார், இனி அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: பிள்ளை, வலியை மறைக்கிறது பக்தியில்லை. நீ மறைச்சால் நாங்கள் இஞ்சையிருந்து எந்த யன்னலிலை பிடிச்சுப் பாக்கிறது? உன்ரை பதில் கடிதத்திலை முதல் வரி பல்லுக் காட்டினதெண்டு இருக்கவேணும், சுகம் விசாரிக்கிறது அதுக்குப் பிறகு. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள்ளை வைச்சுக் காக்கட்டும். உன் நெத்தியிலை சிலுவை போடுறன்.

உன்ரை அம்மா,
ஜசிந்தா

எழுதிய கை: றொஷானி