நடு வயலில் மயில் முட்டை

அன்பு மகள் எழில்மொழிக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் அண்ணி செம்மொழி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஆடு மாடும் சுகம், வாய்க்காலில் தண்ணீருக்கும் குறைவில்லை, மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி இசைவாணியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

இசைவாணி பள்ளிக்கூடத்தில் தேசிய மரம், பூ, பறவை பற்றிப் பேச வேண்டும் என்று போனில் கேட்டாள், நானும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மயில் ஒரு நெல்லுத் திருடன் என்றதை வகுப்பில் அப்படியே ஒப்பித்துவிட்டாள், டீச்சர் முகம் சுளித்தார் என்று நீ வருத்தப்பட்டாய். நான் சொன்னதில் பொய் இல்லையம்மா. ஆலமரத்தை நல்லபடியாகத்தானே சொன்னேன், நீ காலேஜ் பஸ்ஸுக்கு நின்ற மரம், கஜா புயலில் அடிமரம் சாய்ந்தும் விழுதை ஊன்றிக்கொண்டு நிற்கிறது. தாமரையும் அப்படித்தான், உன் கல்யாணத்தில் வாழை இலை பற்றாமல் கடைசிப் பந்திக்குத் தாமரை இலை போட்டோம், சம்பந்தி வீட்டார் அதுதான் விசேஷம் என்று நினைத்துக்கொண்டார்கள். மயிலைத்தான் புகழ வாய் வரவில்லை. நான் வளர்ந்த காலத்தில் அது முருகன் படத்தில் மட்டும் இருந்தது, இப்போது கதிரில் பால் பிடித்ததும் கூட்டமாக வந்து உருவுகிறது. வெடி போட்டேன், மாப்பிள்ளை வாங்கித் தந்த மினுக்கு ரிப்பனை வயலைச் சுற்றிக் கட்டினேன், அது ரிப்பனுக்கு முன்னால் நின்று தோகை விரித்து ஆடுகிறது. ஆனால் அதற்கு மேல் ஒன்று நடந்தது, அதையும் பிள்ளை வகுப்பில் சொல்லட்டும்.

குறுவை அறுக்க மிஷின் வந்தது, மழையும் கறுத்துக்கொண்டு நின்றது. நடு வயலில் ஆத்தூர்க்கார டிரைவர் சட்டென்று நிறுத்திவிட்டான். கதிருக்குள் பெண் மயில் ஒன்று அடைகாத்துக்கொண்டு, எழும்பாமல் முறைக்கிறது. "பெரியவரே, தேசியப் பறவை, நான் ஏத்த மாட்டேன், ஜெயிலுக்கு நீங்களா வருவீங்க?" என்றான். பக்கத்து வயல் குஞ்சிதபாதம் வரப்பில் நின்றுகொண்டு, "நேத்து வரைக்கும் வெடி போட்டு வெரட்டுனீங்க, இன்னைக்கு வளைகாப்பு நடத்துங்க" என்று சிரிக்கிறார். அந்த இடத்தை விட்டுவிட்டு மற்றதை அறு என்று நான்தான் சொன்னேன், ஒரு அறை அகலத்துக்கு நெல் நின்றது. அப்புறம்தான் உறைத்தது, சுற்றிலும் மொட்டையாகிப் போனதால் தெருநாய்க்கு நேர்வழி ஆகிவிட்டதே. கருவை முள் வெட்டி வந்து வேலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தேன். "எழில் பொறந்தப்பகூட ஆஸ்பத்திரி வாசல்ல இந்த மனுஷன் இப்படி உட்காரல" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். மழை பிடித்து, விட்ட நெல் சாய்ந்து முளைத்தே போனது, போகட்டும், முட்டை பொரிக்காமல் கூமுட்டை ஆகிவிடக் கூடாதே என்று குடையோடு போய்ப் போய் எட்டிப் பார்த்தேன்.

நேற்றுக் காலை போய்ப் பார்த்தால் வெறும் ஓடு. தாய் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வரப்பேறி, நேராகக் குஞ்சிதபாதம் வயலுக்குள் இறங்குகிறது. அவர் பிந்தி நட்டவர், அங்கே இப்போதுதான் பால் பிடித்திருக்கிறது. மனுஷர் தகரத் தட்டும் குச்சியுமாக ஓடிவந்தார். "பச்சைக் குஞ்சுங்க, பார்த்துத் தட்டுங்க" என்றேன். என்னைப் பார்த்தார், குஞ்சுகளைப் பார்த்தார், குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

ஏசியில் தலை ஈரத்தோடு படுக்காதே, பொங்கலுக்கு டிக்கெட்டை இப்போதே போடு. மூவரும் மனம் குளிர்ந்து நன்றாக இருங்கள்.

உன் அப்பா,
இளையபெருமாள்