மறக்கச் சொன்ன வக்கீல்

கார்த்திகை, இரண்டாம் செவ்வாய். இரவு.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது.

எங்கள் சேகோ ஆலை ஜவ்வரிசியில் வெள்ளையாக்கும் மருந்து கலந்ததாக நாளைக்கு விசாரணை. கம்பெனி வழக்குகள் பார்க்கும் வக்கீலை மகன் சென்னையிலிருந்து வரவழைத்திருந்தான். வந்ததும் ஒரு தாளைக் கொடுத்து என்னை வாசிக்கச் சொன்னார்.

"எனக்குப் படிப்பு வராதுங்க சாமி" என்றேன்.

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து மாடு தேறிவிட்டது என்கிறவனின் சிரிப்பு.

"பேப்பர்ல டைரக்டர் நீங்கதான் அய்யா. எல்லாத்தையும் நான்தான் பாத்தேன், என்ன கலந்தோம்னு மறந்துபோச்சுன்னு சொல்லிடுங்க. இந்த வயசுல உங்கள யாரும் ஜெயில்ல போட மாட்டாங்க."

"கலக்கச் சொன்னது இங்க நிக்கற என் மகன்தானுங்க. மருந்து மூட்டை வந்து எறங்குன அன்னைக்கு நல்ல மழை. நான் பக்கத்துலயேதான் நின்னுட்டிருந்தேன். எனக்கு எதுவும் மறக்காதுங்க."

"அந்த ஞாபகம்தான் அய்யா நமக்குப் பிரச்சினை."

வக்கீல் கார் ஏறிப் போன பிறகு மகன் சொன்னான். "அப்பா, நாளைக்கு அழுக்கு வேட்டியா கட்டிக்கிட்டு வாங்க. அவரு சொன்னாருங்க."

வக்கீல் கூலிக்குப் பேசுகிறவர். இவன் நான் பெற்றவன்.

நாளைக்கு வெள்ளை வேட்டிதான் கட்டுவேன். ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பேன். யார் சொல்லிக் கலந்தது என்று அடுத்துக் கேட்பார்கள். அப்போது இவன் முகத்தை மட்டும் நான் பார்த்துவிடக் கூடாது.