மூன்றாம் மாடி விண்ணப்பம்

அன்புள்ள நண்பனுக்கு,

நீயும் தங்கச்சியும் சௌக்கியமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். கேட்க எனக்கு வாய் வரவில்லை. படி ஏற முடியாமல், மகள் மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் கட்டிலைப் போட்டுத் தங்கச்சி படுத்திருக்கிறாள், வருகிறவர் போகிறவர் எல்லாம் அவளைத் தாண்டித்தான் போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். உன் மனைவி என்றாலும் எனக்கு அவள் கூடப்பிறக்காத தங்கச்சிதானே, அதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

இங்கே மூன்றாம் மாடியில் உன் வீடு பத்திரமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரன் உன் வாசலில் சைக்கிளைச் சாத்தி வைத்தான், சத்தம் போட்டு எடுக்க வைத்தேன். மாடிப்படி விளக்கு ஒன்பது மாதத்துக்குப் பிறகு எரிகிறது. நாம் கொடுத்த புகாரால் அல்ல. கணக்கெடுக்க வந்த நகராட்சி ஆள் இருட்டில் இடறி விழுந்தான், மறுநாளே விளக்கு வந்துவிட்டது.

சொல்ல வந்தது இதுவல்ல. போன செவ்வாய்க்கிழமை நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன், தரைத்தளத்தில் நகராட்சி வீடு கேட்டு நீங்கள் போட்ட விண்ணப்பம் என்னவாயிற்று என்று கேட்க. நாம் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நம் ஆட்களில் யாருக்கு இங்கிலீஷில் கடுதாசி வந்தாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். நீதானே எனக்குத் 'துரை' என்று பேர் வைத்தாய். அந்த மிதப்பில்தான் கவுண்டரில் போய் நின்றேன். அங்கிருந்த பெண், விண்ணப்பம் சம்பந்தமான பேச்சை இனி மொழிபெயர்ப்பாளர் மூலம்தான் வைத்துக்கொள்ள வேண்டும், போனில் தமிழ் பேசுகிறவர் வருவார் என்றாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இத்தனை வருஷம் நான்தானே பேசினேன் என்று சண்டைக்கே நின்றேன். அவள் சிரித்துக்கொண்டே போனைப் போட்டாள்.

மூன்று வருஷமாக ஏன் வீடு கிடைக்கவில்லை என்று கேட்டேன். கவுண்டர் பெண் உங்கள் விண்ணப்பத்தின் பழைய தாளை எடுத்து வாசிக்க, போனில் இருந்த அம்மாள் நிதானமாகத் தமிழில் சொன்னார். படி ஏறி இறங்கச் சிரமம் இல்லை. குளிக்க, உடுத்த யார் துணையும் தேவையில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று கூட வந்தவர் சொல்லிவிட்டார். கீழே என் கையெழுத்து.

விண்ணப்பம் கொடுத்த அன்றைக்கு நாம் இருவரும் கவுண்டரில் நின்றோம், தங்கச்சி பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கவுண்டரில் இருந்த ஆள் உரக்கக் கேட்டான்: எப்படிப் படி இறங்குகிறார், யார் குளிப்பாட்டுகிறார் என்று. பின்னால் அத்தனை பேர் வரிசையில் நின்றார்கள். நம் வீட்டுப் பெண்ணின் இயலாமையை நாலு பேர் கேட்கச் சொல்வதா என்று நினைத்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு தொந்தரவும் இல்லை என்று சொல்லிவிட்டேன். என்ன கேட்கிறான் என்று நீ கேட்டாய். சும்மா விசாரிக்கிறான் என்றேன்.

முழு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். மானம் என்பது பாதிதான். தங்கச்சியின் கால் வீக்கம், மரத்துப்போவது, இதற்கெல்லாம் இங்கிலீஷில் எனக்கு வார்த்தை வரவில்லை. உன் முன்னால் திணற வெட்கமாக இருந்தது. தங்கச்சி பெஞ்சிலிருந்தே, "அண்ணா, ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்துதான் இறங்குறேன்னு சொல்லுங்க" என்றாள். "எல்லாம் சொல்லியாச்சும்மா, நீ சும்மா இரு" என்றேன்.

அந்தப் பதிலால்தான் உங்களைப் பட்டியலின் அடியில் தள்ளியிருக்கிறார்கள். அடுத்த வருஷம் அவள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ இல்லாவிட்டால் எங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று அழுதாய். அப்போதே எனக்கு உள்ளே உறுத்தியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. நான் பாவிடா.

அன்று சொன்னதெல்லாம் பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். விண்ணப்பத்தை மறுபடி முதலிலிருந்து பார்ப்பார்களாம். வீடு நிச்சயம் என்று யாரும் சொல்லவில்லை. வருகிற இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு உன் மகள் நம்பருக்குக் கூப்பிடுவார்கள், தமிழ் பேசுகிறவர் கூடவே இருப்பார். எடுக்காவிட்டால் விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள்.

அன்றைக்கு நீ பேசாதே. மாப்பிள்ளையும் பேச வேண்டாம். போனைத் தங்கச்சி கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நில். கட்டிலை, குளியலை, விழுந்ததை, எல்லாவற்றையும் அவள் வாயால் சொல்லட்டும். என்னைப் பற்றிக் கேட்டால் அதையும் சொல்லட்டும்.

என்னை மன்னிக்கச் சொல்லி உன்னிடம் கேட்கவில்லை, அது உன் கையில் இல்லை. இந்தக் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டு. அவள் மனம் நோகுமே என்று எங்கேயும் ஒரு வரியை விட்டுவிடாதேடா.

உங்கள் இருவருக்கும் நல்லதே நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உன் நண்பன்