நான் அழிக்காத பெயர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். நீ சுகம் என்று போனில் சொல்கிறாய், குரல் அப்படிச் சொல்லவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே 'சரிம்மா, வைக்கிறேன்' என்பாய், கடிதத்திடம் அது நடக்காது. பக்கத்து வீட்டு நர்ஸ் நாளை உன் ஊருக்குப் பறக்கிறாள், அவள் கையில் கொடுத்து விடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை. எங்களைப் போன்ற சின்னக் கடைக்காரர்கள் யார் எதைக் கொடுத்தார்கள், எப்போது திருப்பித் தர வேண்டும் என்று குறித்து வைத்துக்கொள்ள நீ செய்த போன் ஆப்பை ஆயிரம் பேருக்கு மேல் வைத்திருக்கிறார்களாம், காசு கட்டுகிறவர்கள் பத்துப் பேர்கூட இல்லையாம், மாதக் கடைசிக்குள் ஐம்பது பேராவது கட்டாவிட்டால் இழுத்து மூடிவிட்டுப் பழைய கம்பெனிக்கே போகிறேன் என்றாய். அதோடு விட்டாயா, 'எல்லாரும் நாப்பதாவது ஆள்கிட்ட வந்து நின்னுடறாங்கம்மா, ஏன்னே புரியல' என்றாய். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மற்ற ஊர் கதை தெரியாது, நம் தெருவில் ஏன் என்று எனக்குத் தெரியும். நான்தான் காரணம்.

நாற்பது வாடிக்கையாளர் வரை இலவசம், அதற்கு மேல் காசு என்று நீ வைத்தாய். நம் ஆல்டரேஷன் கடையில் நாற்பது நிறைந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா, துணியை வாங்கிக்கொண்டு போனவர்களின் பெயரை அழித்துவிட்டு அந்த இடத்தில் புது ஆளை ஏற்றினேன். அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்தேனா என்றால் அதுவும் இல்லை. சலவைக் கடை அக்கா, சாவிக் கடைக்காரர், கடிகாரம் ரிப்பேர் பார்க்கிற 'நாளைக்கு', எப்போது போனாலும் நாளைக்கு வாங்க என்பதால் தெருவே அவருக்கு வைத்த பெயர் அது, இவர்கள் எல்லாரையும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். 'என் பொண்ணு செஞ்சது, இப்படிச் செஞ்சா காசே கட்ட வேண்டாம்' என்று பெருமை வேறு. பெற்ற பிள்ளையின் வயிற்றில் அடிக்கிறோம் என்று புத்திக்கு உறைக்கவே இல்லை. வெட்கமாக இருக்கிறது. திட்டுவதானால் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை கடையைத் திறந்த கையோடு ஒவ்வொருவரிடமாகப் போய், ஏன் காசு கட்டவில்லை என்று கேட்டேன். நான் சண்டைக்கு வந்திருப்பதாக நினைத்து 'நாளைக்கு' தலையை நிமிர்த்தவே இல்லை. சலவைக் கடை அக்காதான் பட்டென்று உடைத்தாள். 'கட்டுனா என்ன கிடைக்கும்னு சொன்னாத்தானே கட்டுவேன், நாப்பது ஆச்சுன்னு கதவை மட்டும்தான் சாத்துது' என்றாள். அவள் கடையில் துவைத்து மடித்த துணி உத்தரம் வரை அடுக்கியிருக்கிறது, யாரும் வந்து எடுப்பதில்லை. ஒவ்வொருவருக்காகப் போன் போட்டே அவளுக்குத் தொண்டை வற்றிப்போகிறது. காசு கட்டினால் 'உங்கள் பொருள் தயார்' என்று ஆப்பே செய்தி அனுப்பும், எடுக்காதவர்களுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை ஞாபகப்படுத்தும் என்று நீ எப்போதோ என்னிடம் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொன்னேன். அக்கா வாயைப் பிளந்தாள். 'இதை ஏன் உன் பொண்ணு பூட்டி வச்சிருக்கா, நகையா?' என்று கேட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது, ஆனால் அவள் கேட்டதில் என்ன தப்பு.

செவ்வாய்க்கிழமை நானே காசு கட்டிப் பார்த்தேன். மாதக்கணக்காகக் கொக்கியில் தொங்கிய ஒன்பது உடுப்பில் எட்டு, இரண்டே நாளில் போய்விட்டன. ஒரு அம்மாள் கொடுத்ததையே மறந்து புதிதாக ஒன்று வாங்கிவிட்டாளாம், தப்பு என்னுடையது போல முறைத்துக்கொண்டே எடுத்துப்போனாள். கொக்கிக்குப் பின்னால் சுவர் என்ன நிறம் என்று அப்பாவே இப்போதுதான் பார்க்கிறார். வியாழக்கிழமை அக்கா கட்டினாள், வெள்ளிக்கிழமை சாவிக் கடைக்காரர். 'நாளைக்கு' என்ன சொல்லியிருப்பார் என்று உனக்கே தெரியும்.

உன் படிப்பு எனக்கு இல்லை, தப்பென்றால் தள்ளிவிடு. அந்த நாற்பதை எடுத்துவிடு, எத்தனை பேரை வேண்டுமானாலும் எழுதி வைத்துக்கொள்ளட்டும். செய்தி அனுப்புவதை முதல் இருபது தடவை எல்லாருக்கும் சும்மா கொடு. தேங்கிக் கிடந்த சாமான் நகர்வதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். பிறகு, இருபது பேருக்குச் சொல்லி அனுப்பினேன், இத்தனை பேர் வந்து எடுத்துக்கொண்டார்கள் என்று கணக்கைக் காட்டிவிட்டுக் காசு கேள். மாதம் முடிய இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. மூடுவதைப் பற்றிப் பதினெட்டாவது நாள் யோசித்துக்கொள்ளலாம், இப்போது எழுந்து முகத்தைக் கழுவிவிட்டு வேலையைப் பார்.

வேளைக்குச் சாப்பிடு, நாற்காலியிலேயே தூங்காதே. எடுத்த காரியம் கைகூடும், மனசு சொல்கிறது. அப்பாவும் உனக்கு ஆசி சொல்லச் சொன்னார், முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

ஒரே ஒரு ஞாபகப்படுத்தல். நாற்பதில் ஒரு பெயரை மட்டும் நான் ஒருநாளும் அழித்ததில்லை, ஆப் வந்த அன்று முதன்முதலில் ஏற்றிய பெயர் அது. ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் ஜிப் மாற்றச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாயே, அந்த நீலக் கோட். மூன்று வருடமாகிறது, கொக்கியில் மிச்சமிருக்கிற ஒன்று அதுதான். நான் காசு கட்டிய அன்று எல்லாருக்கும் போன செய்தி உனக்கும் வந்திருக்கும், 'உங்கள் உடுப்பு தயார், வந்து பெற்றுக்கொள்ளவும்' என்று. மூன்று நாளைக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கும். நிறுத்துவது எப்படி என்று எனக்குத் தெரியும், நிறுத்தமாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவளும், இப்போது காசு கட்டுகிறவளுமான
அம்மா