பின்கதவுப் பூட்டு

ஊத்துக்குளி சாலை, திருப்பூர்
சித்திரை, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நித்யஸ்ரீக்கு, அப்பா ஆசியோடு எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நன்றாகவே இருக்கிறோம், அந்தக் குளிர் ஊரில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று உன் அம்மா தினமும் விளக்கேற்றும்போது சொல்லிக்கொள்கிறாள், நான் பக்கத்தில் நின்று ஆமாம் போடுகிறேன். அக்னி நட்சத்திரம் இன்னும் பிறக்கவே இல்லை, அதற்குள் வெயில் மண்டையைப் பிளக்கிறது. நம் பனியன் கம்பெனியின் தகரக் கூரை காலை டீ வருவதற்குள் காய்ந்துவிடுகிறது, மத்தியானம் உள்ளே நுழைந்தால் அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கிறது. உடுமலைப்பேட்டையில் உன் மாமன் தென்னந்தோப்பில் குரும்பையெல்லாம் உதிர்கிறதாம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலாம், மாடிப்படி ஏறாதே என்றால் கேட்பதில்லை, நீ ஒரு வார்த்தை சொல். உன் பெரியப்பா மகன் சிவபிரகாஷ் வியாபார விஷயமாக ஜெர்மனிக்கு வருகிறான், அவனிடம்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஊத்துக்குளி நெய் ஒரு டப்பா உன் அம்மா எடுத்து வைத்தாள், ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அவன் வாங்க மாட்டேன் என்றுவிட்டான், பருப்புப் பொடி மட்டும் வருகிறது. தினம் போனில் பேசுகிற மனுஷனுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் சொன்னால் நான் முடிப்பதற்குள் பரவாயில்லைப்பா, விடுங்கப்பா என்பாய். உன் வாயால் அதைக் கேட்டால் எனக்கும் உடனே மனசு லேசாகிவிடும். அவ்வளவு சுலபமாக லேசாகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நாகஜோதி மயங்கி விழுந்தாள், காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறாள் என்று போன வாரம் சொன்னேன் அல்லவா. விழுந்தது உண்மை. சாப்பிடாமல் வந்தாள் என்பது பொய், நானாகச் சேர்த்துக்கொண்டது. குன்னத்தூர் பள்ளிக்கூடத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்து படித்த பிள்ளை, நம் வீட்டில் உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்ட பிள்ளை, அவள் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போனை வைத்தேன். அவளுக்குச் சிறுநீரில் கிருமி சேர்ந்து சிறுநீரகம் வரைக்கும் போய்விட்டது. காய்ச்சலோடு குளிரில் நடுங்கிக்கொண்டேதான் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே மெசினில் உட்கார்ந்திருக்கிறாள். அதற்குக் காரணம் நான்தான் கண்ணு.

எப்படி என்று சொல்கிறேன். போன தீபாவளிக்கு நீ வந்தபோது என்னோடு மல்லுக்கட்டினாயே, ஒரே மெசின், ஒரே துணி, ஆம்பளைக்கு ஒரு கூலி பொம்பளைக்கு ஒரு கூலியா என்று. நான் அப்போது முறைத்தேன், நீ போன பிறகு யோசித்துப் பார்த்துச் செய்தேன். துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலையில் கிடந்த நாகஜோதியை, ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெசினில் உட்காரவைத்தேன், மற்ற பெண்களுக்கும் ஆண் டெய்லர்களுக்குக் கொடுக்கும் அதே ஷிப்ட் கூலியைப் போட்டேன். நீ போனில் அழுதேவிட்டாய். எனக்குத் தலைகால் புரியவில்லை, சாலையில் போகிறவனை எல்லாம் நிறுத்தி, எங்கள் கம்பெனியில் எல்லாரும் சமம் என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன். நம் முனீஸ் இருக்கிறானே, விருதுநகர்ப் பக்கத்துக்காரன், பழைய டெய்லர், அவனுக்கு இது பொறுக்கவில்லை. ஒருநாள் டீக் குடிக்கும்போது எல்லாருக்கும் முன்னால் என்னிடம், அண்ணாச்சி, கூலி ஒண்ணுன்னா ரூலும் ஒண்ணுதான, நாங்க ஷெட்டு பாத்ரூமுக்குப் போயிட்டு உடனே வந்து உக்காந்துருதோம், அவங்க மட்டும் உங்க வீட்டுக்குள்ள போயி முகங்கழுவிப் பேசிச் சிரிச்சிட்டு மெதுவா வாராங்களே என்றான். பெண்கள் எல்லாரும் வருஷக்கணக்காக நம் வீட்டுப் பின்கதவு வழியாக வந்து உள்ளே இருக்கிற கழிப்பறைக்குத்தான் போவார்கள், உனக்குத் தெரியும். உன் அம்மா அவர்களுக்காகத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைப்பாள். முனீஸ் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. அன்றைக்கே பின்கதவைப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். சமம் என்றால் எல்லாவற்றிலும் சமம் என்று பெண்களிடம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு மெசினுக்குத் திரும்பினார்கள், நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஷெட்டுக் கழிப்பறையை நீ பார்த்திருக்கிறாய். தகரக் கதவு, உள்ளே தாழ்ப்பாள் நிற்காது, ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். வாசலில்தான் ஆண்கள் நின்று பீடி குடிப்பார்கள். எனக்கு அதில் ஒரு நாளும் சங்கடம் வந்ததில்லை, எனக்கு ஏன் வரப் போகிறது. பங்குனியில் வெயில் ஏறியதும் வீட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவில் ஓலைப் பந்தல் போட்டுப் பெரிய பானையில் மோர் வைத்தேன். கறிவேப்பிலை, பெருங்காயம், இஞ்சி தட்டிப் போட்டு உன் அம்மாதான் கரைத்தாள், பெயர் எனக்கு. சொம்பும் கையுமாக நான் நின்ற படத்தைப் பார்த்துவிட்டு நீ என்னென்ன எழுதினாய், உன் ஆபீஸில் எல்லாருக்கும் காட்டினேன் என்றாய். ஆனால் சாயங்காலம் பார்த்தால் பானையில் மோர் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும். ஆண்கள் குடிப்பார்கள், பெண்கள் கிட்டவே வரமாட்டார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நல்லது செய்தாலும் உங்களுக்குத் திமிர்தான் என்று கத்தினேன். அப்போது உன் அம்மா மெதுவாக, ஏனுங்க, மோரைக் குடிச்சுப்போட்டு அவிக எங்கீங்க போவாங்க, அந்தக் கதவைத் தொறந்து உடுங்க என்றாள். ஒரு தடவை இல்லை, பல தடவை சொன்னாள். நான் சிரித்தேன். உன் மகள் கேட்ட சமம்தானே இது, போய் அவளிடமே கேள் என்று உன்னையும் இழுத்து வைத்து அவள் வாயை அடைத்தேன். அந்தப் பிள்ளைகள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பிப் போகிற வரை ஒரு வாய் தண்ணீர் இறக்காமல், தொண்டை வறண்டால் வாயை நனைத்துத் துப்பிவிட்டு வேலை செய்திருக்கிறார்கள். இது என் காதுக்கு வந்தது நாகஜோதி விழுந்த பிறகு.

மத்தியானம், கரண்ட் போய்த் திரும்பி வந்த நேரம். மெசின் ஓட ஆரம்பித்ததும் அவள் மட்டும் எழுந்து நின்றாள், பிறகு தைத்துப் போட்ட பனியன் குவியல் மேலேயே சாய்ந்துவிட்டாள். தூக்கும்போது உடம்பு இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, இந்தப் பொண்ணு தண்ணியே குடிக்காதா என்று கேட்டார். நான் அந்த நேரத்திலும் விடாமல், எங்கள் கம்பெனியில் மோரே வைத்திருக்கிறோம் என்றேன். அந்தம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, பாத்ரூம் எங்க வெச்சிருக்கீங்க என்றார். நான் உன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் எனக்குத் துணைக்கு வராமல் நாகஜோதியின் போர்வையை இழுத்துவிட்டாள்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை, அதற்கு மேலும் ஒரு காரியம் செய்தேன். காய்ச்சல் இறங்கியதும் அவளைப் பார்க்க மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவலைப்படாதே, இனி உனக்கு மெசின் வேலை வேண்டாம், வாசல் ஓரம் காற்று வருகிற இடத்தில் நூல் பிசிர் வெட்டிக்கொண்டு இரு, உன் மெசினை முனீஸின் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன் என்று, ஏதோ வரம் கொடுக்கிற மாதிரி சொன்னேன். சின்ன வயதில் என்னை அப்பா என்று கூப்பிட்டவள், வேலைக்கு வந்த பிறகு ஓனருங்க என்பாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, மெசின்ல உக்காந்ததால எனக்கு ஒண்ணும் ஆகலீங்க ஓனருங்க, நீங்க கதவைப் பூட்டுனதாலதானுங்க ஆச்சு, இப்ப மெசினையும் எடுத்துக்கிட்டீங்களா என்றாள். அவள் சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். பஸ் நிறுத்தம் வரை வந்துவிட்டு, செருப்பை ஆஸ்பத்திரி வாசலிலேயே விட்டு வந்ததைத் தெரிந்துகொண்டு, அதை எடுக்கத் திரும்பிப் போகவும் கூசி வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்து வந்தேன்.

வந்ததும் சாவியை எடுத்து உன் அம்மாவிடம் கொடுத்தேன். அவள் வாங்கிக் கதவைத் திறந்து, பூட்டைக் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டாள், எங்கே என்று நான் கேட்கவில்லை. பெண்களுக்கென்று தனியாகக் கழிப்பறை கட்ட மேஸ்திரி வந்திருக்கிறார், தாழ்ப்பாள் எது என்று அவர்களையே கடைக்குக் கூட்டிப்போய்த் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். முனீஸிடம் அவன் தம்பியை அந்த மெசினிலிருந்து எழுப்பச் சொன்னேன், அவன் மறுபேச்சில்லாமல் எழுப்பினான், மெசினைத் துடைத்துத் துணி போட்டு மூடியதும் அவன்தான். ஆனால் நாகஜோதி வருவாளா என்பது தெரியவில்லை. அவள் புருஷன் வேண்டாம் என்கிறானாம். அவனைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. நேற்று உன் அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், உடம்பு தேறட்டும், கட்டி முடிச்சதும் வந்து பாத்துட்டுத்தான் சொல்லுவேன் என்றாளாம். நான் சொன்னதை நம்பவில்லை, பார்த்தால்தான் நம்புவாள். அது சரிதான். ஆர்டர் தாமதமாகிறது, ஆகட்டும், அந்த மெசினில் வேறு யாரும் உட்காரப் போவதில்லை.

நீ அவளோடு பேசு கண்ணு, எனக்காகப் பேசாதே, உனக்காகப் பேசு. நான் சொன்ன பொய்யையும் அவளிடம் சொல்லிவிடு. நீயும் அங்கே மீட்டிங், வேலை என்று தண்ணீர் குடிக்காமல், அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே, யார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காமல் எழுந்து போ. அண்ணமார் சாமி உனக்கு எந்தக் குறையும் வைக்காமல் காப்பாற்றட்டும், அம்மாவின் ஆசிகளும் இதிலேயே அடக்கம், பருப்புப் பொடியை ஈரக் கரண்டி போட்டு எடுக்காதே என்று சொல்லச் சொன்னாள். இன்னொன்றும் மறக்காமல் செய். உன் போன் முகப்பில் வைத்திருக்கிறாயே, அந்த மோர்ப் பந்தல் படம், அதை எடுத்துவிடு. நேற்று அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எடுத்தது உன் அம்மா, தெரிந்துதான் அப்படி எடுத்தாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கையில் சொம்போடு நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன், என் தோளுக்குப் பின்னால் கதவில் தொங்குகிற பூட்டு நன்றாகவே தெரிகிறது.

இப்படிக்கு,
உன் அப்பா
மோகன்ராஜ்