முந்நூற்றைம்பது கட்டுப் புல்

ஆகஸ்ட் 11

காலையில் பால் டீ, இரண்டு துண்டு ரொட்டி. இடுப்பு வலி குறையவில்லை. மூன்று பசுக்களும் சினைக் குதிரையும் இன்னும் மலை மேய்ச்சலில்தான்.

டீ ஊற்றும்போது மருமகள் பெகாயிம் பேச்செடுத்தாள். “மாமா, குளிர்காலப் புல்லை இப்பவே வாங்கிடலாமா? கட்டு நூத்தம்பது சோம்தான்.”

செப்டம்பரில் குதிரைமசால் புல்லின் இரண்டாம் அறுப்பு வந்தால் விலை இறங்கும் என்றேன். முப்பது வருடமாகப் புல் வாங்குகிறவன் நான்.

“வாய்க்கால்ல கணுக்கால் தண்ணிதான் ஓடுது மாமா. ரெண்டாம் அறுப்பு எங்கேந்து வரும்?”

“நீ போய் ரொட்டியைப் பாரு” என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 29

கட்டு நூற்றுத் தொண்ணூறு.

செப்டம்பர் 6

இருநூற்று முப்பது. வாய்க்கால் காய்ந்துவிட்டது, இரண்டாம் அறுப்பு இல்லை. பெகாயிம் வாயே திறக்கவில்லை. ‘அப்பவே சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தீர்த்திருப்பேன். அதற்கும் வழியில்லை.

செப்டம்பர் 9

நல்ல நாள்! சந்தையில் என் பழைய கூட்டாளி மமிர்கான் லாரியோடு நின்றான். “உனக்காக ஆகஸ்ட் விலை, சதிர்குல். நூத்தம்பது. யார்கிட்டயும் சொல்லாதே” என்றான். சுற்றி ஆட்கள் நிற்க, கையைப் பிடித்துக் குலுக்கிப் பேரம் முடித்தேன். முந்நூற்றைம்பது கட்டு. வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தேன் — என் குரலுக்கு அது அதிகம்தான்.

செப்டம்பர் 10

லாரி வந்தது. பெகாயிம் முதல் கட்டை ஒற்றைக் கையால் தூக்கினாள். கீழே வைத்தாள். இன்னொன்றைத் தூக்கினாள்.

“மாமா, போன வருஷக் கட்டுக்கு ரெண்டு கையும் வேணும்.”

கொக்கித் தராசை எடுத்து வந்து மாட்டினாள். பத்து கிலோ. போன வருடம் பதினைந்து. விலை ஏறவில்லை, கட்டு மெலிந்துவிட்டது. பாவி! விலையை மட்டும் கேட்டேனே, ஒரு கட்டையாவது தூக்கிப் பார்த்தேனா?

திருப்பி அனுப்ப முடியாது. நாலு பேர் முன்னால் கொடுத்த கை கொடுத்ததுதான், இந்த ஊரில் அதற்கு மேல் பேச்சில்லை.

“பிப்ரவரி பாதி வரைக்கும் வரும் மாமா” என்று கணக்குச் சொன்னாள். புதுப்புல் முளைக்க ஏப்ரல் ஆகும்.

செப்டம்பர் 13

ரஷ்யாவிலிருந்து மகன் எர்மெக் போனில்: “குதிரையையும் ஒரு மாட்டையும் வித்துடுங்கப்பா.” சினைக் குதிரையை இப்போது யார் வாங்குவான்? கறிக்காரன்தான் வாங்குவான். போனை வைத்துவிட்டேன். பெகாயிமிடமும் எரிந்து விழுந்தேன். அவள் என் கோட்டுப் பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

செப்டம்பர் 20

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலையிலேயே பெகாயிம் பக்கத்து வீட்டுக் குதிரையை இரவல் வாங்கிக்கொண்டு போனாள். சாயங்காலம் வந்து, “மாமா, புல்லு வாங்கிட்டேன்” என்றாள். எங்கே என்றேன். மலையைக் காட்டினாள்.

வடக்குச் சரிவில் அறுக்காமல் நிற்கிற புல். செங்குத்து, டிராக்டர் ஏறாது. குத்தகைக்காரன் பதினைந்தாயிரம் கேட்டானாம். இவள், “ஆறாயிரம்தான். பனி விழுந்தா உங்களுக்கு அதுவும் இல்லண்ணே” என்று சொல்லிவிட்டுக் குதிரையில் ஏறினாளாம். பின்னாலேயே ஓடி வந்து ஆறாயிரத்துக்குக் கொடுத்திருக்கிறான்.

“யாரு அறுப்பா?”

“எங்கம்மா வீட்டுல எனக்கு அண்ணன் தம்பி கிடையாது மாமா. அரிவாளு நாந்தான் பிடிச்சேன்.”

ஆறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இது எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 27

பெகாயிமும் அவள் சிநேகிதி ஒருத்தியும் ஆள் உயர அரிவாளோடு ஏழாவது நாளாக மேலே. இன்று டீயும் வறுத்த மாவுருண்டையும் எடுத்துக்கொண்டு நானே தடியூன்றிப் போனேன். பார்த்தேன். அவள் வீசுகிற வீச்சில் புல் வரிசையாகச் சாய்கிறது, அடியில் ஒரு விரல்கூட மிச்சமில்லை. நான் நல்ல நாளிலேயே அப்படி அறுத்ததில்லை. வாயைத் திறந்து சொல்லவும் சொன்னேன். “கெட்டிக்காரிம்மா நீ.” அவள் காது சிவந்துபோய், “டீ ஆறிடும் மாமா” என்றாள்.

எப்படி இறக்குவாய் என்றேன். இறக்க மாட்டாளாம். அங்கேயே போர் போட்டு வைத்து, பனி இறுகியதும் சறுக்குவண்டியில் இழுத்து வருவாளாம். அதனால் இறக்கு கூலி இல்லை, லாரி வாடகை இல்லை.

டிசம்பர் 18

முதல் சறுக்குவண்டி வந்தது. புல் கொஞ்சம் முற்றல். பசுக்கள் முகத்தைத் திருப்பின. உப்புத் தண்ணீர் தெளித்துப் போட்டாள். தின்றன.

பிப்ரவரி 16

கட்டு நானூற்று இருபது. சந்தையில் மாடுகள் பாதி விலைக்குப் போகின்றன. என் வயதுக்காரர்கள் அழாத குறையாகக் கயிற்றைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். எங்கள் கொட்டகையில் நாலும் நின்று தின்கின்றன.

மார்ச் 3

மமிர்கான் வழியில் பார்த்தான். “உன் மருமக மிச்சப் புல்லை எங்கிட்ட ஏன் வாங்கல?”

“அவளுக்குத் தூக்கிப் பாக்குற பழக்கம் உண்டுப்பா” என்றேன். சிரித்தான், ஆனால் நின்று பேசவில்லை.

ஏப்ரல் 12

குட்டி பிறந்தது. பெட்டை. விடியற்காலையில் எழுந்து நின்றுவிட்டது. தாய்க்கு விலா எலும்பு தெரியவில்லை.

ஏப்ரல் 24

கால்நடை டாக்டர் வந்தார், பதிவுப் புத்தகத்தைப் புதுப்பிக்க. முற்றத்தில் உட்கார்ந்து பேனாவை எடுத்தார்.

“மூணு பசு, ஒரு குதிரை, ஒரு குட்டி. உங்க பேருதானே, பெரியவரே?”

“இல்ல. பெகாயிம்னு எழுதுங்க.”

“குட்டியா?”

“எல்லாமே.”

அவர் என்னைப் பார்த்தார், கொட்டகை வாசலைப் பார்த்தார். பெகாயிம் கையில் புல்லோடு அப்படியே நின்றுவிட்டாள். பிறகு டாக்டர் பக்கத்தில் வந்து, எழுத்து சரியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள்.